ஏழாம் இலக்கத்தின் வீங்கிய எழுத்துகள்

பன்னிரண்டு நெற்றிகளிலும் சந்தனம் இருந்தது. சந்தனத்தின் நடுவில் குங்குமம். கும்பத்துக்கு முன்னால், வெள்ளைத் துணி விரித்த வாங்கில் வரிசையாகச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். இடமிருந்து வலமாக எண்ணினேன். பிறகு வலமிருந்து இடமாக. பன்னிரண்டுதான்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டெப்புகளைச் சொல்கிறேன். கையில் பிடித்து விரலால் தொட்டுப் படிக்கிற அந்தச் சிறிய கணினிகள். அன்று வாணி விழாவின் முதல் நாள். பிள்ளைகள் தேவாரம் பாட, பள்ளிக்கூட அதிபர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கும்பிட மனம் ஓடவில்லை.

சந்தனம் ஈரமாக இருந்தது. அதிபரின் மனைவி தாராள மனதோடு அரைத்துக் கொடுத்திருந்தார். ஒன்பதாம் இலக்கத்தில் அது வழிந்து, சார்ஜ் வயர் குத்துகிற துவாரத்தை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"அதிபர், ஒன்பதாவது ஒழுகுது."

"அண்ணன், தேவாரம் போகுது."

"மஞ்சத் தண்ணியும் தெளிக்கப் போறீங்களோ?"

"தெளிக்காமப் பூசையா?"

"கரண்டுச் சாமான், தம்பி!"

"சரஸ்வதி பாத்துக்கொள்ளுவா. நீங்க கைய எடுத்துக் கும்பிடுங்க."

சரஸ்வதி பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

திறப்பு என் மடியில்

போன கிழமை இந்தப் பத்தியில் களஞ்சியச் சாலை எலிகளைப் பற்றி எழுதியதை வாசித்தவர்களுக்கு என் தொழில் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆணி, கயிறு, சீமெந்துப் பை, தண்ணீர்ப் பம்பி எல்லாவற்றையும் எண்ணியே தலை நரைத்தது. ஓய்வு பெற்றபின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்தேன். பனிச்சங்கேணிப் பாலத்தில் போகிற பஸ்களை எண்ணினேன். மனைவி என் தேநீருக்குப் போடுகிற சீனிக் கரண்டியை எண்ணி, ஏச்சு வாங்கினேன்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து இந்த டெப்புகளை அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்புக்கு. யார் பொறுப்பு என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு என் மடியில். காலையில் எண்ணிக் கொடுப்பேன். பள்ளி விட்டதும் எண்ணி வாங்கித் துடைத்து, இருக்கிற ஒரேயொரு பிளக்கில் நீட்டு வயர் போட்டு மாறி மாறிச் சார்ஜ் ஏற்றுவேன். முதுகில் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் எழுதினேன். பிள்ளைகள் எனக்கு 'டெப் ஐயா' என்று பெயர் வைத்தார்கள்.

கொடுக்கும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதில் என்னைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் திணைக்களத்துக்கு ஒருமுறை பிரதி எடுக்கிற புத்தம்புதிய ரோனியோ மெசின் வந்தது. பழுதானால் யார் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்ற பயத்தில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் போகும்வரை பொலித்தீன் உறையோடே இருந்தது. ஒவ்வொரு வருடமும் எண்ணிப் பார்த்தேன். ஒன்று. பழுதில்லை. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

வானொலிப் பாடம்

இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது. புளியந்தீவில் நான் சின்ன வகுப்பில் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி வந்தது. பிள்ளைகளுக்கான பாடத்தை வானொலியில் படிப்பிப்பார்கள் என்றார்கள். இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கி இருத்தினார்கள். பெட்டி மேசைமேல். பக்கத்தில் வாத்தியார், காதை அதோடு ஒட்டியபடி.

என்ன பாடம் என்பது நினைவில் இல்லை. பற்றரி இறங்க இறங்க அந்தக் குரல் எப்படி மெலிந்துபோனது என்பது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே மழை. கூரைத் தகரத்தில் சத்தம். பின்வாங்கில் இருந்த எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முடிந்ததும் வாத்தியார், "விளங்கிச்சா?" என்றார்.

"ஓம் சேர்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினோம்.

சேர்ந்து கத்தும்போது யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்?

இருபத்திமூன்றை இரண்டால் பிரித்தால்

மூன்றாம் வகுப்பில் இருபத்திமூன்று பிள்ளைகள். பன்னிரண்டு டெப். இரண்டு பேருக்கு ஒன்றென்று கொடுத்தால் பதினொரு சோடியும் தனியாக ஒரு பிள்ளையும் மிஞ்சும்.

மிஞ்சிய பிள்ளை யதுசிகா. மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய இரட்டைப் பின்னல். அவளோடு சோடி சேர ஒருவரும் வரவில்லை. "அவள் பாத்து எழுதுற, மாமா. அதுதான் பிள்ளைகளுக்குக் கோபம்" என்றார் சுகந்தினி ரீச்சர். பக்கத்து வளவுப் பிள்ளை. அதனால் எனக்கு அவர் மகள், அவருக்கு நான் மாமா. ஏழாம் இலக்கம் யதுவுக்குத் தனியாகக் கிடைத்தது.

இந்தப் பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடமே தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. ரீச்சர் ஒரு வரி வாசிக்க, வகுப்பு முழுவதும் சேர்ந்து திருப்பிச் சொல்வது எங்கள் ஊர்களில் நடக்கிற வழக்கம். அப்படிச் சொல்லும்போது யதுவின் குரல்தான் முன்னுக்கு நிற்கும். ஒரு சொல் பிசகாது. தனியாக எழுப்பிப் புத்தகத்தைக் கொடுத்தால் வாய் திறக்காது. கரும்பலகையில் எழுதியதை எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பிக்குள் தலை போய்விடும்.

மந்தம் என்று முடிவாயிற்று. வாழைச்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகு இருக்கிறது. அங்கே மாற்றுவதற்கு முதல் தவணையிலேயே பெயர் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பொறுப்பான மிஸ் வந்து பிள்ளையைப் பார்த்து முடிவு சொல்வார்.

அவளுடைய தாய் வசந்தி ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்று அதிபரோடு கதைத்தது என் காதில் விழுந்தது.

"ஒவ்வொரு நாளும் வாழைச்சேனைக்கு ஆரு சேர் கூட்டிப் போற? நாங்க ரெண்டு பேரும் விடிய முந்தி ஆத்துல வல இழுக்கிற ஆக்கள். அங்க மாத்தினா அவள் ஊட்டுலதான் நிப்பாள். படிப்பு அவ்வளவுதான்."

"நான் என்ன செய்யிற, புள்ள? இஞ்ச வெச்சுக்கொண்டும் ஒண்டும் ஏறுதில்லையே."

வீக்கம்

டெப் வந்து சில கிழமைகளில் எனக்கு ஒரு தலையிடி தொடங்கியது. மற்றப் பதினொன்றும் கொடுத்தபடி திரும்பி வரும். ஏழாம் இலக்கம் மட்டும் எழுத்து வீங்கி வரும். நான் பழையபடி சிறிதாக்கி வைப்பேன். அடுத்த நாள் திரும்பவும் வீங்கியிருக்கும்.

"மகள், ஏழாவதுக்கு மறுகாவும் வீக்கம்."

"வீக்கமெண்டா என்ன, மாமா?"

"எள்ளளவு இரிக்க வேண்டிய எழுத்து புளியங்கொட்டையளவு இரிக்கு. ஒரு பக்கத்தில நாலு சொல்லுதான் கிடக்கு. மெசின் பழுது. திருப்பி அனுப்புவம்."

ரீச்சர் சிரித்துவிட்டார். "பழுதில்ல மாமா. ரெண்டு விரல வெச்சு விரிச்சா எழுத்துப் பெருக்கும். பிள்ளைகள் விளையாடுற."

"பதினொண்டில விளையாடாத பிள்ளைகள் ஏன் ஏழில மட்டும் விளையாடுது?"

அவர் பதில் சொல்வதற்குள் இரண்டு பையன்கள் அழிறப்பருக்காக அடிபட்டார்கள். பேச்சு அதோடு போய்விட்டது.

அந்த நாட்களில்தான் அதிசயம் நடந்தது. யது வாசித்தாள். தனியாக, டெப்பை மூக்குக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, திக்கித் திக்கி ஒரு கதையை முடித்தாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "புத்தகத்தில விருப்பமில்லாத பிள்ளைக்கு டெப்பில விருப்பம் வந்திட்டு, மாமா. மிஸ் வந்தாக் காட்டலாம். மாத்த மாட்டாங்க." அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். நானும் அதையே நம்பினேன். விருப்பம் என்றே நினைத்தோம்.

கும்பத்துக்கு முன்னால்

வாணி விழா வந்தது. கல்விச் சாமான் எல்லாம் பூசைக்கு என்று அதிபர் சொன்னார். புத்தகங்களில் வகுப்புக்கொன்று வைத்தால் போதும். டெப் பன்னிரண்டும் விஜயதசமி வரை கும்பத்தடியில். அவர் பக்தி உள்ளவர். அத்தனை நாளும் அவை உடையாமல் இருக்கும் என்பதிலும் அவருக்கு ஒரு நிம்மதி. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான், அந்தச் சந்தனம் வழியாமல் இருந்திருந்தால்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அறிவிப்பு எதுவுமில்லாமல் மிஸ் வந்து இறங்கினார். தோளில் துணிப்பை, வெயிலில் சிவந்த முகம். வசந்திக்கு ஆள் அனுப்பினார்கள். வலையிலிருந்து அப்படியே வந்தாள். சேலைக் கரை நனைந்திருந்தது. வகுப்புக்குள் வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிஸ் அன்பானவர். யதுவைப் பக்கத்தில் இருத்திப் புத்தகத்தைக் கொடுத்தார். "வாசிங்க, மகள்."

யது குனிந்தாள். மூக்குத் தாளில் முட்டியது.

"நிமிந்து இருந்து வாசிங்க."

நிமிர்ந்தாள். ஒன்றும் வரவில்லை.

"மிஸ், அவ டெப்பில வாசிக்கிறா" என்றார் ரீச்சர்.

"டெப்பத் தாங்க, பாப்பம்."

"பூசையில இரிக்கு, மிஸ்" என்றார் அதிபர். "நடுவில எடுக்கிறதில்ல."

மிஸ் தலையாட்டினார். அவரும் சைவ சமயத்தவர்தான், வற்புறுத்தவில்லை. "டெப்பில வாசிக்கிற பிள்ளை புத்தகத்திலயும் வாசிக்க வேணும்தானே, ரீச்சர்?"

அந்த நேரம் யது ஒரு காரியம் செய்தாள். சுட்டுவிரலையும் பெருவிரலையும் தாளில் வைத்து விரித்தாள். தாள் சுருங்கியது. நீவிவிட்டுத் திரும்பவும் வைத்து விரித்தாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "மிஸ், அவள் புத்தகத்த டெப் எண்டு நெனைக்காள்!" என்று ஒரு பையன் கத்தினான். "சார்ஜ் போடு புள்ள!" என்றான் இன்னொருவன்.

"பாத்தீங்களா மிஸ், மெசின் பிள்ளைய எப்படிப் பழுதாக்கியிரிக்கு" என்றார் அதிபர். வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் பேனையின் மூடியைக் கழற்றினார்.

ரீச்சரின் பக்கத்தில் நின்ற நான் அந்த விரல்கள் ஒரே இடத்தில் விரிவதையே பார்த்தேன். விளையாடுகிற பிள்ளை படத்தில் விரலை வைக்கும். இவள் எழுத்தில் வைத்தாள். வரியின் தொடக்கத்தில், முதல் சொல்லில்.

ஏழாம் இலக்கத்துக்கு வீக்கம் இல்லை. அவளுக்கு அந்த அளவு எழுத்துத்தான் தெரிகிறது. புத்தகத்து எழுத்தை விரித்துப் பெரிதாக்க ஏலாது.

"மிஸ், எழுதாதீங்க. ஒரு நிமிசம்."

பூசையில் கை வைத்தது

கும்பம் இருந்த அறைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினேன். அதிபர் பின்னாலேயே வந்தார்.

"அண்ணன், என்ன வேல பாக்கீங்க?"

"ஏழாவத எடுக்கன்."

"விஜயதசமிக்கு முந்தியா? ஊர்ச் சனம் என்ன சொல்லும்?"

"கேட்டா நான் எடுத்ததெண்டு சொல்லுங்க. பொறுப்பு என்ட பேர்லதானே இரிக்கு."

கும்பிட்டேன். இந்த முறை மனம் ஓடியது. ஏழாம் இலக்கத்தை எடுத்தேன். வாழ்நாளில் ஒரு சாமானை அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோனது அதுதான். பொத்தானைத் தேடி அழுத்தினேன். கறுப்பு. நீட்டி அழுத்தினேன். வெளிச்சம் வந்தது. பற்றரி சிவப்பில் இருந்தது. பூசையில் வைத்ததற்குச் சார்ஜ் ஏற்றுவார் யார்?

யதுவின் கையில் கொடுத்தேன். அவள் காய்ந்த சந்தனத்தைச் சட்டைக் கையால் தேய்த்துத் துடைத்தாள். குங்குமம் கண்ணாடி முழுவதும் இழுபட்டது.

"இவ பாடமாக்கின கதை வேணாம்" என்ற மிஸ், அதே டெப்பில் வகுப்பில் இன்னும் படிப்பிக்காத ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார்.

யது இரண்டு விரலை வைத்தாள். விரித்தாள். எழுத்து வீங்கியது.

"மழை... விட்ட... பிறகு... நண்டு... தன்... வளையை... விட்டு..."

ஒருவரும் சிரிக்கவில்லை. வரியை விரலால் நகர்த்தி நகர்த்தி அடுத்த சொல்லைக் கொண்டுவந்தாள். நான் நண்டைக் கேட்கவில்லை. மூலையில் இருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். புளியந்தீவு வானொலி ஞாபகம் வந்தது.

"வெளியே... வந்து... வானத்தை..."

டெப் அணைந்தது. யது கறுப்புக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "டெப் ஐயா, சார்ஜ் போடல்லியா?"

மிஸ் பேனையை மூடினார். எழுந்து கரும்பலகையடிக்குப் போய் மூன்று விரலைக் காட்டினார். "மகள், இது எத்தின?"

யது கண்ணைச் சுருக்கினாள். "நீங்க கைய உசத்திக்கொண்டு நிக்கிறீங்க, மிஸ்."

"விரல் தெரியல்லியா?"

"இல்ல."

"முதலாம் வகுப்பில கண் பாக்க வந்தாங்கதானே? அப்ப என்ன சொன்னீங்க?"

"முன்னுக்கு நிண்ட பிள்ளைகள் சொன்னத்தச் சொன்னன்."

"தெரியல்ல எண்டு ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல?"

யதுவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தானே தெரியும்?" என்றாள்.

வாசலில் வசந்தி அப்படியே குந்திவிட்டாள். "எத்தின தரம் இவளுக்கு அடிச்சிரிப்பன், மிஸ். பாத்து நட, பாத்து நட எண்டு அடிச்சிரிப்பன்."

"இவவுக்கு எங்கட அலகு தேவையில்ல, அம்மா" என்றார் மிஸ். "கண்ணாடி தேவை. இஞ்சயே படிக்கட்டும்."

சுகந்தினி ரீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று நிலைக்கண்ணாடி பார்ப்பவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டெப்பைத் திரும்ப வைக்கப் போனபோது, அதிபர் எனக்கு முந்தியே அங்கே நின்றார். ஏழாம் இலக்கம் இருந்த இடத்தில் ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்.

"அதக் கொண்டுபோய்ச் சார்ஜில போடுங்க, அண்ணன்" என்றார். "பூசைக்கு இந்தப் பூவே போதும்."

ஓட்டமாவடிக் கடையில்

ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் கண்ணாடிக்கு எத்தனை பவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி எடுக்க ஓட்டமாவடிக்கு நானும் போனேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்கள் வாயில் காக்கா, கண்ணாடியை மாட்டி, காதுப் பக்கம் வளைத்துச் சரிபார்த்து, "எப்படி மகள்?" என்றார்.

யது தெருவைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வேம்பு நின்றது. அதையே நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, அதில இலை தனித்தனியா இரிக்கு."

"பின்ன ஒட்டியா கிடக்கும்?" என்றார் காக்கா, சிரித்தபடி. வசந்தி மூக்கை உறிஞ்சினாள். நானும் மூக்கைச் சிந்தினேன். வெயில் தூசி.

நாலாம் இலக்கம்

விஜயதசமிக்குப் பிறகு பன்னிரண்டும் அலுமாரிக்குத் திரும்பின. ஒன்பதாம் இலக்கத்தின் துவாரத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்தேன். வேலை செய்கிறது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அது வேறு கதை.

பாடம் தொடங்கிய முதல் நாள் பள்ளி விட்டதும் ஏழாம் இலக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். எழுத்து எள்ளளவு. அடுத்த நாளும் எள்ளளவு. யதுவுக்கு இப்போது சோடி கிடைத்துவிட்டது. அவளுடைய கண்ணாடியை ஒருதடவை போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசையில் மூன்று பேர் போட்டி. இருபத்திமூன்றில் மிஞ்சுவது இப்போது வேறு பிள்ளை.

நான் நிம்மதியாக இருக்க வேண்டும். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். இருந்தேன், இந்தக் கிழமைத் தொடக்கம் வரை.

திங்கட்கிழமை எண்ணி வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தபோது நாலாம் இலக்கத்தின் எழுத்து வீங்கியிருந்தது. கை பழக்கத்தில் சிறிதாக்கப் போனது. பாதியில் நிறுத்தினேன். ஒருநாள் விளையாட்டாக இருக்கலாம் என்று அப்படியே வைத்துப் பூட்டினேன்.

செவ்வாயும் வீங்கி வந்தது. நேற்றும்.

நாலாம் இலக்கத்தை எடுப்பது இரண்டு பிள்ளைகள். இருவரும் வகுப்பில் சேர்ந்து சொல்லும்போது நன்றாகவே சொல்கிறார்கள். எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. இதை அச்சுக்கு அனுப்பிவிட்டு, ரீச்சர் வருவதற்கு முன்பே போய் வாசலில் நிற்கப் போகிறேன். எழுத்தை நான் சிறிதாக்கவில்லை.